சுந்தரவல்லியின் உயிலில் விழுந்த மீன்

கொல்கத்தாவில் தர்ம காரியம் நடக்கிற இடம் ஒன்று இருந்தால், அதன் அடுப்படியைச் சுந்தரவல்லி எட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. அவள் ஆட்டோவை விட்டு இறங்குவது தெரிந்தாலே அனாதை இல்லத்துச் சமையல்காரர்கள் தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்ப்பார்கள். முதியோர் விடுதிக் காரியதரிசிகள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். சரி, கொஞ்சம் ஏற்றித்தான் சொன்னது. அவள் பார்த்த இடம் பத்துப் பன்னிரண்டு இருக்கும். பாத்திரத்தை மறுபடி தேய்த்ததும் ஒரே ஓரிடத்தில், அதுவும் முதல் தடவை சரியாகத் தேய்க்காததால். ஆனால் எழுபத்து நாலு வயதில், பழுதான இதய வால்வோடு பஸ்ஸும் மெட்ரோவுமாக ஏறி இறங்கியவள் பற்றிச் சொல்லும்போது நாலு இடம் கூடிப்போனால் குற்றமில்லை.

அவள் இடம் தேடியது தனக்கில்லை. டாக்குரியாவில் அவளுக்குச் சொந்தமாக ஒரு ஃபிளாட் இருந்தது. வாங்கிய காலத்தில் ஜன்னலுக்குக் கீழே தவளை கத்தும். இப்போது அதே ஜன்னலுக்குக் கீழே கார் நிறுத்த இடமில்லாமல் மனிதர்கள் கத்துகிறார்கள். விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. கூடவே துறைமுக அலுவலகத்தில் உழைத்துச் சேர்த்த பணம். பிள்ளை குட்டி கிடையாது. தனக்குப் பிறகு இதெல்லாம் யாருக்கு என்பதுதான் கேள்வி. வால்வை மாற்ற ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் விடை கிடைத்தாக வேண்டும்.

விடை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை பவானிபூர் வக்கீல் ராஜ்மோகன் தெளிவாகச் சொல்லிவிட்டான். அவனுடைய அப்பாவும் சுந்தரவல்லியின் கணவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த உரிமையில் அவளை அத்தை என்பான்.

“அத்தை, நீங்க உயில் எழுதி வைக்கலேன்னா, சட்டப்படி மொத்தமும் மாமாவோட வீட்டாருக்குப் போயிடும். அவ்வளவுதான்.”

“யாருக்கு? என் பொட்டை அழிக்கச் சொன்ன வீட்டுக்கா? எங்க மாமியார் மேல இருந்து கைதட்டிச் சிரிப்பாகளே!”

“அதான் சொல்றேன். சீக்கிரம் ஒரு இடத்தை சூஸ் பண்ணுங்க.”

“பொண்ணு பாக்கதுக்கே நாலு வீடு ஏறி இறங்குதாக. ஆயுசு முழுக்கச் சேத்ததைக் கட்டிக் குடுக்கதுக்கு நாலு இடம் பாக்காண்டாமா?”

பொட்டு விஷயம் இதுதான். சுந்தரவல்லி திருநெல்வேலிச் சைவக் குடும்பம். கல்யாணமானதும் கணவரோடு கொல்கத்தா வந்தவள். முப்பத்தாறு வயதில் அவர் போனார். பதினாறாம் நாள் முடிந்ததும் மாமியார் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பொட்டை எடுத்துவிட்டு, பூவை மறந்துவிட்டு, வெள்ளை உடுத்தி ஊரோடு வந்து இருந்தால், அப்படி இருக்கும் வரை ஆற்றங்கரை வயலின் நெல் அவளுக்கு என்றார். நல்ல வயல். இரண்டு போகம் விளையும். சுந்தரவல்லி, “நெல்லை நீங்களே அவிச்சுக்கோங்க அத்தை” என்று சொல்லிவிட்டுக் கொல்கத்தாவுக்கே ரயிலேறினாள். கணவரின் அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் கிடைத்த குமாஸ்தா வேலையில் சேர்ந்தாள். முதல் நாள் அலுவலகத்துக்கு அவள் வைத்துக்கொண்டு போன பொட்டு ஹௌரா பாலத்தில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்தது என்பார்கள். இப்போதும் அதே அளவுதான்.

அந்த வீட்டிலிருந்து கொழுந்தன் மகன் பாபு இப்போதெல்லாம் அடிக்கடி ஃபோன் செய்கிறான். “பெரியம்மா, ஒடம்பு எப்படி இருக்கு?” என்று மிகுந்த அன்போடு கேட்பான். “நல்லாத்தான் இருக்கு. அதான் ஒனக்குக் கஷ்டமா இருக்கு” என்று இவள் வைத்துவிடுவாள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மாட்டைக் கொடுக்கிறவள் வாங்குகிறவனின் பல்லைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சுந்தரவல்லி அந்த ஓட்டை வழியாகப் புகுந்தாள். அந்தந்த இடத்தார் நீட்டிய, வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகங்களைத் தொடவில்லை. மேடைப் படங்களைப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போவாள். அடுப்படி பொய் சொல்லாது என்பது அவள் சித்தாந்தம்.

பொய் சொல்லவில்லைதான். ஆனால் எல்லா அடுப்படியும் ஒரே உண்மையைச் சொல்லிற்று. மீன். பிள்ளைகள் இல்லத்தில் மீன் குழம்பு. கண் ஆஸ்பத்திரியில் மீன் ரசம் போல ஏதோ ஒன்று. படிக்கிற பெண்களின் விடுதியில் மீன் வறுவல். சலித்துப்போய் தெருநாய்களைப் பராமரிக்கிற ஓர் இடத்துக்குப் போனால், அங்கே பெரிய அண்டாவில் சோற்றோடு மீன் தலைகள் வெந்துகொண்டிருந்தன. ஒரு தலை அவளைப் பார்த்துக் கண்ணடித்தது என்று அவள் பிற்பாடு சொன்னதில் எவ்வளவு உண்மை என்று தெரியாது. ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவளுக்கு, இங்கே மீன் என்பது கறி இல்லை, காய் மாதிரி என்று தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணைப் போலச் சேலை கட்டி அலங்கரித்த மீனைச் சீர்த்தட்டில் பார்த்தவள்தான். அடுத்தவர் காசில் அடுத்தவர் மீன் தின்றால் அவளுக்கு ஆட்சேபமே கிடையாது. தன் காசில், தன் பெயரில், தான் செத்த பிறகும் நாள்தோறும் மீன் செத்துக்கொண்டிருக்கும் என்பதுதான் அவளுக்கு ஆகவில்லை. நேராக ராஜ்மோகனிடம் போனாள்.

“ஒரு கண்டிஷன் போட்டுரு ராஜு. யாருக்குக் குடுத்தாலும் சரி, அங்கன மீன், முட்டை, கறி ஒண்ணும் ஆகாது” என்றாள்.

“கண்டிஷன் போடலாம் அத்தை. ஏத்துக்கறவா வேணுமே.”

“காசு வேண்டாங்கதுக்கு யாருக்குப் பைத்தியம்?”

அந்தப் பைத்தியம் கங்கைக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சியில் இருந்தது.

ரயில் யார்டுக்கு அந்தப்புறம் ஒரு பழைய மஞ்சள் வீடு. ஆதரவில்லாத வயதான பெண்கள் இருபது பேர் போல அங்கே இருந்தார்கள். மாடி கட்ட எழுப்பிய தூண்கள் பாதியில் நின்றன; இடத்துக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் பலர். சுந்தரவல்லி வாசலில் கால் வைத்தபோது உள்ளே கொலை விழுவது போலச் சத்தம். எட்டிப் பார்த்தால் முற்றத்தில் கிழவிகள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். விடுதியை நடத்துகிற மேக்னா, நாற்பது வயதுக்காரி, ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதீங்க மாஷிமா” என்றாள் வங்காளத்தில். மாஷிமா என்றால் அந்த ஊரில் பெரியம்மா, சித்தி, யாரோ ஒரு வயதான பெண், எல்லாம்தான். “ஞாயித்துக்கிழமை என்ன சமைக்கறதுன்னு பேசறாங்க. வாராவாரம் இப்படித்தான்.”

“நீ முடிவு பண்ண மாட்டியா?”

“நானா? சாப்பிடறது அவங்க. என்னை யார் கேக்கறாங்க?”

சுந்தரவல்லிக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. சத்தமில்லாத விடுதியில் அவளுக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. அடுப்படி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அரிசி நல்ல அரிசி. ஒரு கிழவி அடுத்தவளின் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டே அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? மனதுக்குள் மாடியைக் கட்டி, சுண்ணாம்பும் அடித்துவிட்டாள். பிறகு தன் ஃபிளாட்டைப் பற்றிச் சொன்னாள். மேக்னா பாதியில் நின்ற தூண்களை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்து நிபந்தனையைச் சொன்னாள். மேக்னா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அதை அவங்களைத்தான் கேக்கணும்” என்று முற்றத்துப் பக்கம் கை காட்டினாள்.

கேட்டாள். முற்றத்தில் முதல் முறையாகச் சத்தம் நின்றது.

பேசியது பீணாபாணி. எண்பதை நெருங்கிய, ஒல்லியான, கழுகு மூக்குக்காரி. அவள் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது வழக்கம் போலிருக்கிறது.

“தீதி, உங்க ஊர்ல விதவைக்கு எது ஆகாது?” என்றாள். தீதி என்றால் அக்கா; மரியாதைக்குச் சின்னவளையும் அப்படிக் கூப்பிடுவது உண்டு.

“பொட்டு, பூவு, கலர் சேலை.”

“எங்க ஊர்ல மீன் ஆகாது. வெங்காயம், பூண்டு ஆகாது. மசூர் பருப்புகூட ஆகாது. எனக்குப் பத்தொம்பது வயசு, அவர் போனப்ப. அன்னியோட மீன் போச்சு. மாமனார் வீட்ல பூனை மீன் தின்னும், நான் பச்சரிசிச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். மறு ஜென்மத்துல பூனையாப் பொறக்கணும்னு காளியை வேண்டியிருக்கேன். இங்க வந்த அன்னிக்கு இந்தப் பொண்ணு கேட்டா, ‘என்ன சாப்பிடறீங்க?’ன்னு. என்னை அதுவரைக்கும் ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல. மீன்னு சொன்னேன். சொல்லிட்டு அழுதேன்.” அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். “உங்க பணம் நல்ல பணம்தான். ஆனா அதை வாங்கினா நான் மறுபடி விதவை ஆயிடுவேன். வேண்டாம், தீதி. தூண் அப்படியே நிக்கட்டும்.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். மாடிக்கு ஆசைப்பட்ட மேக்னாகூட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

சுந்தரவல்லிக்கு வந்த கோபத்தில் சாந்த்ராகாச்சி யார்டில் நின்ற இன்ஜின் ஒன்று தானாகக் கிளம்பியிருக்கும். பிச்சைக்காரிக்குப் பேச்சைப் பார் என்று நினைத்து, உடனே நினைத்ததற்கு வெட்கப்பட்டு, வெட்கப்பட்டதற்கு இன்னும் கோபப்பட்டு, ராஜ்மோகன் அலுவலகத்தில் வந்து இறங்கினாள்.

“நான் என்ன விஷத்தையா திங்கச் சொன்னேன்? கத்திரிக்காயைத் திங்கச் சொன்னேன்!”

“விடுங்க அத்தை. கோசாலை ஒண்ணு இருக்கு, நல்ல ட்ரஸ்ட். மாடு மீன் சாப்பிடாது. கண்டிஷனே தேவையில்ல, ப்ராப்ளம் சால்வ்ட்.”

“மாடு நல்ல ஜீவன்தான். ஆனா அது எங்கூடச் சண்டை போடுமா?”

“எதுக்கு சண்டை போடணும்?”

“ஒனக்குப் புரியாது. அந்த மஞ்சள் வீட்டுக்கே எழுது. கண்டிஷனோட எழுது. இப்ப ரோசமாப் பேசுதாக. நாளைக்குக் கட்டடம் ஒழுகும்போது தன்னால எறங்கி வருவாக.”

“மாட்டேன்னு சொன்னா? அப்ப அந்த பெக்வெஸ்ட், அதான் நீங்க எழுதிக் குடுக்கற தானம், செல்லாமப் போயிடும். திரும்ப மாமா வீட்டுக்குத்தான்.”

“எழுதுங்கேன்.”

இரண்டு நாளில் ராஜ்மோகன் எழுதி வைத்தான். ஆங்கிலத்தில் இருந்ததை அவளுக்காகத் தமிழாக்கி வாசித்தான். பெயர், முகவரி, சுய நினைவு, எல்லாம் சரியாகப் போயிற்று. கடைசியில் நிபந்தனைக்கு வந்தான்.

“‘மேற்படி விடுதியில் வசிக்கும் பெண்கள் மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றை விட்டு வாழும் வரை மட்டுமே, மேற்படிச் சொத்தின் பலன் அவர்களுக்குச் சேரும்.’ ஓகேவா அத்தை?”

மின்விசிறி சுற்றியது. வெளியே டிராம் தண்டவாளம் இருந்த இடத்தில் ஆட்டோக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

“இன்னொரு மட்டம் வாசி” என்றாள் சுந்தரவல்லி.

வாசித்தான். விட்டு வாழும் வரை. பலன் சேரும். ஆற்றங்கரை வயலின் நெல் வாசனை பவானிபூர் வரை வந்து அவள் மூக்கில் ஏறியது. எதிரே ராஜ்மோகன் இல்லை. வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளும் கெட்டவரில்லை. பசிக்கு நெல் கொடுக்கத்தான் நினைத்தார். அவர் நினைத்த மாதிரி இவள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். இதைத்தானே தானும் கேட்டிருக்கிறோம்? முப்பத்தாறு வயதில் தான் ரயிலேறினோம். எண்பது வயதில் பீணாபாணி ஏற ரயிலில்லை, அதனால் எழுந்து புடவையை உதறினாள்.

“என்னத்தை எழுதி வச்சிருக்க ராஜு!” என்று கத்தினாள். “இது எங்க மாமியார் பேச்சுல்லா!”

“நீங்க சொன்னதுதானே அத்தை…”

“நான் சொன்னா? நீ வக்கீல்தானே, தடுக்காண்டாமா? அடிச்சிரு. மொத்தமா அடிச்சிரு. அந்த எடத்துல இப்படி எழுது: அந்த வீட்ல என்ன சமைக்கதுங்கதை அங்கன சாப்பிடுதவங்கதான் முடிவு பண்ணணும். நடத்துதவங்களும் சொல்லக் கூடாது, காசு குடுத்தவங்களும் சொல்லக் கூடாது. எனக்குப் பின்னால வேற எவளாவது ஃபிளாட்டைத் தூக்கிக்கிட்டுக் கண்டிஷனோட வருவா. அவளுக்கும் சேத்து எழுது.”

ராஜ்மோகன் பேனாவை மூடித் திறந்தான். “மீன் வாங்கினா?”

“வாங்கட்டும்.”

“ஷ்யூரா? அப்புறம் ராத்திரி தூக்கம் வரலைன்னு ஃபோன் பண்ணக் கூடாது.”

“பண்ணுவேன். எடுத்துத் தொலை.”

ஆனால் எழுத்தில் இறங்கியது மனதில் இறங்கவில்லை. காகிதத்தில் ‘வாங்கட்டும்’ என்பது சுலபம். தான் வாங்கினால்தான் அது உண்மை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்து மீன் சந்தைக்குள் சுந்தரவல்லி நுழைந்தாள். ஐம்பது வருஷமாகச் சந்தையின் காய்கறிப் பகுதியில் மட்டும் உலாவி, ஒரு கோட்டுக்கு அப்பால் கால் வைக்காதவள். முந்தானை மூக்கைச் சுற்றி மூன்று சுற்று. காலடியில் ஐஸ் தண்ணீர். எதிரே ஆள் உயர அரிவாள்மணைகள்.

“இலிஷ் குடு. நல்லதா” என்றாள் முந்தானைக்குள்ளிருந்து. இலிஷ் என்பது அந்த ஊரில் மீன்களுக்கெல்லாம் மகாராணி என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

வெள்ளி போல மின்னிய ஒன்றைத் தூக்கிக் காட்டினான் மீன்காரன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். சொன்ன விலையைக் கொடுத்தாள். கொத்தமல்லிக் கட்டுக்குக்கூடக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறவள் அன்று பேரம் பேசவில்லை. பேச வேண்டுமானால் மூச்சு விட வேண்டும்.

கையை நீட்டிப் பையை டாக்ஸி ஜன்னலுக்கு வெளியே பிடித்தபடி கங்கைப் பாலத்தைத் தாண்டினாள். காக்கைகள் சாந்த்ராகாச்சி வரை ஊர்வலமாக வந்தன. ராஜ்மோகன் முன் சீட்டில் உயிலை மடியில் வைத்துக்கொண்டு, தன் படிப்பெல்லாம் இதற்குத்தானா என்பது போல உட்கார்ந்திருந்தான்.

வாசலில் பீணாபாணி பையை வாங்கித் திறந்து பார்த்தாள். சுந்தரவல்லியைப் பார்த்தாள். மறுபடி பைக்குள் பார்த்தாள். “உள்ள வா” என்றாள். முதல் தடவையாக ஒருமையில்.

கடுகு அரைக்கிற காரம் முற்றம் முழுக்கப் பரவியது. சுந்தரவல்லி காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விரலை நனைத்துப் பார்த்து, கொய்யா மரத்தடியில் ஒரு மூலையைப் பிடித்து, டிபன் பாக்ஸில் கொண்டுவந்த தயிர்சாதத்தையும் நார்த்தங்காயையும் திறந்தாள். சற்று நேரத்தில் பீணாபாணி தன் தட்டோடு வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை, காற்று அடிக்காத பக்கமாகப் பத்தடி தள்ளி உட்கார்ந்தாள்.

“எப்படி இருக்கு?”

“கடுகு நல்லா விழுந்திருக்கு.”

“உயில்ல ஒரு கண்டிஷனும் இல்ல. ஆனா வாய் வார்த்தையா ஒண்ணு கேக்கேன். நான் வார அன்னிக்கு மட்டும், மீன் படாத தோசைக்கல் ஒண்ணு வேணும்.”

“அதை முற்றத்துல வச்சுத்தான் பேசணும்” என்றாள் பீணாபாணி. பேசினார்கள். கத்தினார்கள். தோசை என்றால் எங்களுக்கும் உண்டா என்று ஒருத்தி கேட்டதில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சாப்பாடு முடிந்து கையெழுத்து. பக்கத்துத் தெரு டாக்டர் சைதன்யாவும் ராஜ்மோகனும் சாட்சி. மேக்னா மாடித் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்; பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்தாம்மா, இப்பவே சாந்து குழைக்காத. நான் இன்னும் பத்து வருஷம் இருப்பேன், புது வால்வு போடப் போறேன்” என்றாள் சுந்தரவல்லி. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, முற்றம் முழுவதற்கும் கேட்கட்டும் என்று வங்காளத்தில் ஆரம்பித்தாள். “இன்னிக்கு இவங்க சாப்பிட்டது லேசுப்பட்ட மீன் இல்ல டாக்டர். முந்தாநாள் வரைக்கும் பத்மா நதியில நீந்தின இலிஷ். சைவக் குடும்பத்துல பொறந்த நான் செவுளைத் திருப்பிப் பாத்து, வயித்தை அமுக்கிப் பாத்து, மூணு மீனை வேண்டாம்னு தள்ளி, நாலாவதை எடுத்தேன். மீன்காரன் எந்திரிச்சு நின்னுட்டான். ‘மாஷிமா, உங்க மாதிரி இலிஷ் பாக்கத் தெரிஞ்சவங்களை இந்தச் சந்தை கண்டதில்ல’ன்னான்.”

கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ இருமினார்கள். பல்லிடுக்கில் முள்ளைத் தேடிக்கொண்டிருந்த பீணாபாணி தேடுவதை நிறுத்தினாள்.

“இலிஷ் இல்ல, தீதி. அது சந்தனா. கடல் மீன், பாக்க மட்டும் இலிஷ் மாதிரி இருக்கும், பாதி விலைக்குக் கிடைக்கும். வால்வை மாத்திக்கிட்டு வா, சந்தைக்கு நானும் கூட வரேன்.”